கடன் பாரத்தில் கர்த்தர் தரும் சமாதானம்

வேத பகுதி: 2 இராஜாக்கள் 4:1-7

மேலே கொடுத்திருக்கிற ஏழு வசனங்களையும் ஒருமுறை வாசித்துவிட்டு இதைப் படியுங்கள். சின்னப் பகுதிதான். ஆனால் நம் சபையில் எத்தனையோ வீடுகளின் கண்ணீர் அதற்குள்ளே இருக்கிறது.

ஒரு விதவை எலிசாவிடம் வந்து கதறுகிறாள். அவள் புருஷன் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவன், நல்ல பக்திமான். எலிசாவுக்கே அவனைத் தெரியும். அவன் செத்துப்போனான், கடன் சாகவில்லை. கடன் கொடுத்தவன் இரண்டு பையன்களையும் அடிமைகளாக்கிக் கொண்டுபோக வருகிறான். இந்தப் புருஷன் யார் என்று வேதம் பெயர் சொல்லவில்லை. யூதர்களின் பாரம்பரியத்தில் இவன் ஒபதியா என்பார்கள். யேசபேல் தீர்க்கதரிசிகளைக் கொன்ற நாளில் நூறு பேரைக் கெபிகளில் ஒளித்துவைத்துச் சோறு போட்டானே, அந்த ஒபதியா (1 இராஜாக்கள் 18:4). அவர்களைப் போஷிக்கத்தான் கடன் வாங்கினான் என்று சொல்லுகிறார்கள். அது எப்படியோ, கர்த்தருக்குப் பயந்து நடந்த வீட்டிலும் கடன் இருந்தது என்பது எழுதியிருக்கிறது. கடன்பட்டவனைப் பார்த்தவுடனே, "என்ன பாவம் செஞ்சானோ" என்று பேசுகிற நம் விசுவாசிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

நியாயப்பிரமாணத்தில் ஏழைக்குப் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. ஏழையிடம் வட்டி வாங்கக்கூடாது (யாத்திராகமம் 22:25). மாவரைக்கிற எந்திரக்கல்லை அடகாக வாங்கக்கூடாது, ஏனென்றால் அது அவனுடைய பிழைப்பு (உபாகமம் 24:6). அடகு வாங்கப் போகிறவன் வீட்டுக்குள் நுழையவே கூடாது, வெளியே நிற்க வேண்டும் (உபாகமம் 24:10, 11). கடன்பட்டவனுக்கும் ஒரு மரியாதை உண்டு என்று கர்த்தர் எவ்வளவு நுட்பமாய்ச் சொல்லியிருக்கிறார் பாருங்கள்! சட்டம் இருந்தது, கைக்கொள்ள ஆள் இல்லை. நம் தமிழ்நாட்டிலும் 2003-ஆம் வருஷத்திலேயே கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி எல்லாவற்றையும் தடைசெய்து சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பின்பு, 2017 அக்டோபரில், கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலே புருஷன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் என்று ஒரு குடும்பமே மாண்டுபோனதை நாம் மறக்க முடியுமா?

ஆகவே இதைச் சாதாரண காரியமாக நினைத்து நான் எழுதவில்லை. கடனைவிட வெட்கம்தான் மனுஷனைக் கொல்லுகிறது. போன் அடித்தால் எடுப்பதில்லை. கதவைத் தட்டினால், "அம்மா வீட்ல இல்லைன்னு சொல்லுடா" என்று பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறோம். ஆராதனைக்கு வந்தால் யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். இந்த விதவை அந்த வெட்கத்தை உடைத்துப்போட்டாள். வீட்டுக்குள் உட்கார்ந்து அழாமல் தேவமனுஷனிடம் போய் உள்ளதை உள்ளபடியே சொன்னாள். அவளுக்கு ஆறுதல் துவங்கின இடம் அதுதான் என்று நான் நம்புகிறேன். எண்ணெய் பெருகினது அப்புறம்.

ஒரு சகோதரியை எனக்குத் தெரியும். புருஷனுடைய ஆபரேஷனுக்கு 20,000 ரூபாய் பத்து வட்டிக்கு வாங்கியிருந்தார்கள். பத்து வட்டி என்றால் மாதம் 2,000 ரூபாய். பதினாலு மாதத்தில் 28,000 கட்டியாயிற்று, அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆராதனைக்குப் பிந்தி வருவார்கள், ஆசீர்வாத ஜெபத்துக்கு முன்னே எழும்பிப் போய்விடுவார்கள். ஒருநாள் என் மனைவி கையைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டபோது எல்லாம் வெளியே வந்தது. அன்றைக்கு நாங்கள் கொடுக்கப் பணம் ஒன்றும் இல்லை. சேர்ந்து ஜெபித்தோம், ஒரு நோட்டில் கணக்கு எழுதினோம், அவ்வளவுதான். மறுநாள் வந்து, "பாஸ்டர், எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் நேத்து ராத்திரிதான் தூங்கினேன்" என்றார்கள். கடன் அப்படியேதான் இருந்தது! தூக்கம் வந்துவிட்டது. உலகம் கொடுக்கிற பிரகாரமாய் அல்லாத சமாதானம் ஒன்று உண்டென்று ஆண்டவர் யோவான் 14-ல் சொன்னது இதைத்தான்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சபை மூப்பர்கள் இரண்டு பேரும் சட்டம் தெரிந்த ஒரு சகோதரரும் வட்டிக்காரரைப் போய்ப் பார்த்தார்கள். முதலில் சத்தம் போட்டார், அப்புறம் அசலை மட்டும் தவணையாய் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். சகோதரியின் வீட்டில் ஒரு கிரைண்டர் சும்மா கிடந்தது. பக்கத்து வீட்டில் இரண்டு அண்டா இரவல் வாங்கி, இட்லி மாவு ஆட்டி விற்க ஆரம்பித்தார்கள். ஒன்பது மாதத்தில் அசல் தீர்ந்தது.

இப்போது எலிசாவைப் பாருங்கள். உனக்கு நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்டுவிட்டு, உடனே, வீட்டில் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார். ஒரு குடம் எண்ணெய். அதைத் தவிர ஒன்றுமில்லை. "முதலில் காணிக்கை விதை, கடன் தீரும்" என்று அவர் சொல்லவில்லை. பெருகின எண்ணெயில் தனக்குப் பங்கும் கேட்கவில்லை. இன்று வட்டிக்கு வாங்கிக் காணிக்கை கொடுக்கிற விசுவாசிகள் இருக்கிறார்கள், அதைக் கேட்டு வாங்குகிற ஊழியர்களும் இருக்கிறார்கள். நான் சொல்லுகிறேன், வட்டிக்கு வாங்கி எனக்கு ஒரு பைசாவும் கொண்டுவராதீர்கள்.

அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கச் சொன்னார், கொஞ்சமாய் வாங்காதே என்றார். ஏற்கனவே கடனில் இருக்கிறவளை இன்னும் கடன் கேட்க அனுப்புகிறாரே! வட்டியில்லாத கடன். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு பிள்ளைகளோடு வார்க்கவேண்டும். அந்த இரண்டு பையன்களை நினைத்துப் பார்க்கிறேன். நாளைக்கு அடிமைகளாய்ப் போகவேண்டியவர்கள் இன்றைக்குப் பாத்திரம் எடுத்துக் கொடுக்கிறார்கள். அதுவரை கதவுக்கு வெளியே கடன் கொடுத்தவன் நின்றான். இப்போது கதவுக்கு உள்ளே கர்த்தர் கிரியை செய்கிறார். கஷ்டத்தைப் பிள்ளைகளுக்கு மறைக்காமல், கூட முழங்காலில் நிற்கவைத்தால் அவர்கள் விசுவாசத்தில் வளருவார்கள்.

பாத்திரம் தீர்ந்தது, எண்ணெயும் நின்றது. அவள் தானாக ஒன்றும் முடிவெடுக்காமல் திரும்பவும் எலிசாவிடம் போகிறாள். விற்று முதலில் கடனை அடை, மீதியில் நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள் என்கிறார். அற்புதம் நடந்தும் சந்தைக்குப் போய் விற்க வேண்டியிருந்தது, எண்ணி அடைக்க வேண்டியிருந்தது. "கர்த்தர் பார்த்துக்குவார்" என்று சொல்லிக் கடனை அப்படியே விட்டுவிட்டு ஸ்தோத்திரம் பண்ணிக்கொண்டிருக்க இங்கே இடமில்லை.

நம் நடுவில் வட்டிக்குக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். கோபப்படாமல் நெகேமியா 5-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். எருசலேமின் அலங்கம் கட்டுகிற வேலை நடக்கும்போதே, சொந்த ஜனங்கள் வயலை அடகுவைத்தும் பிள்ளைகளை அடிமைகளாக்கியும் தவித்தார்கள். நெகேமியா பெரிய மனுஷரைக் கூட்டி, நிலத்தையும் வாங்கின வட்டியையும் திருப்பிக் கொடுக்கவைத்தார். கொடுப்போம் என்று சொன்னவர்கள் ஆசாரியர்களுக்கு முன்பாக ஆணையிட்டார்கள். சபையிலே அதுவும் ஒரு எழுப்புதல்தான்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்தபின் நானும் மூப்பர்களும் சாயங்காலம் வரை சபையில் இருப்போம். சகோதரிகள் என் மனைவியிடம் பேசலாம். யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, எத்தனை மாதம் கட்டியாயிற்று என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். ஜெபித்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். அங்கே சொல்லப்படுவது வெளியே போகாது.