காப்பியும் மூளை நலமும்

முன்னுரை

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பர். அச்சிரசினுள் அமைந்த மூளையின் நரம்புச் செல்கள், தோலின் செல்களைப் போல் எளிதில் புதுப்பிக்கப்படுவதில்லை. அவை சிறுகச் சிறுக அழிவதால் தோன்றுவனவே நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயும், நினைவைப் பறிக்கும் அல்சைமர் நோயும். நாள்தோறும் நாம் அருந்தும் காப்பியில் இவற்றை எதிர்க்கும் பொருள்கள் உண்டா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காப்பியில் உள்ளவை

1819-இல் ஜெர்மானிய வேதியியலறிஞர் ரூங்கே, காப்பிக் கொட்டையிலிருந்து காஃபீனைப் பிரித்தெடுத்தார். காஃபீனேயன்றிக் குளோரோஜெனிக் அமிலங்களும் காப்பியில் மிகுதி. கொட்டையை வறுக்கும்போது இவ்வமிலங்கள் சிதைந்து ஃபினைல்இண்டேன் என்னும் சேர்மங்கள் உண்டாகின்றன. காப்பியின் கசப்புக்கு இவையும் ஒரு காரணம். நம் காப்பித் தூளில் கலக்கப்படும் சிக்கரியில் காஃபீன் இல்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

காஃபீன் செயல்படும் விதம்

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்கிறது. அது நரம்புச் செல்லின் ஏற்பிகளில் பொருந்தும்போது அயர்வு தோன்றுகிறது. காஃபீனின் வடிவம் அடினோசினை ஓரளவு ஒத்தது. பூட்டினுள் நுழைந்தும் திறக்காத மாற்றுச் சாவியைப் போல், அது ஏற்பியில் அமர்ந்து அடினோசினுக்கு வழி மறிக்கிறது. காப்பி அருந்தினால் உறக்கம் கலைவது இதனால்தான்.

இவ்வேற்பிகளுள் ஏ2ஏ என்னும் வகை, உடலசைவை ஆளும் மூளைப் பகுதியில் செறிந்துள்ளது. டோபமினுக்கு எதிராகச் செயல்படுகிறது. பார்க்கின்சன் நோயில் அழிவனவோ டோபமின் சுரக்கும் செல்கள். 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், டோபமின் செல்களை அழிக்கும் நஞ்சு எலிகளுக்குச் செலுத்தப்பட்டது. காஃபீன் பெற்ற எலிகளில் டோபமின் இழப்பு குறைந்திருந்தது.

மக்களிடையே கண்டவை

ஹவாயின் ஓவாஹு தீவில் வாழ்ந்த ஜப்பானிய வழியினரான 8,004 ஆண்களை 30 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2000-இல் வெளிவந்தது. அவர்களுள் 102 பேருக்குப் பார்க்கின்சன் நோய் கண்டது. வயதின் பாதிப்பை நீக்கிக் கணக்கிட்டனர். காப்பி அருந்தாதோரில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு 10.4 பேரும், நாளொன்றுக்குச் சுமார் 800 மில்லி லிட்டருக்கு மேல் அருந்தியோரில் 1.9 பேருமே நோயுற்றனர்.

அல்சைமர் நோயில் அமிலாய்டு, டௌ என்னும் புரதங்கள் மூளையில் திரள்கின்றன. ஃபினைல்இண்டேன் இவ்விரண்டும் திரள்வதைத் தடுப்பதாகக் கனடாவின் டொராண்டோ ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்டனர். ஆயின் இது ஆய்வுக்கூடத்தில் கண்டதேயன்றி, மனித மூளையில் மெய்ப்பிக்கப்பட்டதன்று.

மருந்தாகுமா?

பள்ளி சென்றறியாத என் தாயாரிடம் இச்செய்திகளைக் கூறினேன். "அப்ப, கை நடுங்குறவங்களுக்குக் காப்பி கொடுத்தா நடுக்கம் நின்னுடுமாப்பா?" என்று கேட்டார். ஆய்வாளர்களும் இவ்வினாவையே எழுப்பியுள்ளனர். பார்க்கின்சன் நோயாளிகள் 121 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2017-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு நாளுக்கு இருமுறை 200 மில்லி கிராம் காஃபீனும், மறுபிரிவினருக்குப் போலி மாத்திரையும் அளித்தனர். காஃபீன் உட்கொண்டோரின் உடலசைவில் முன்னேற்றம் காணப்படவில்லை.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. நோய் வராமல் காப்பது வேறு. வந்த நோயைத் தீர்ப்பது வேறு. காப்பி அருந்துவோரிடம் நோய் குறைவு என்பதாலேயே, காப்பிதான் அதைத் தடுத்தது என்று துணிந்துவிடவும் முடியாது. எனினும் ஆராய்ச்சி வீண்போகவில்லை. ஏ2ஏ ஏற்பியை மறிக்கும் இஸ்ட்ராடெஃபிலின் என்னும் மருந்து, லெவோடோபாவுடன் துணை மருந்தாக வழங்க ஜப்பானில் 2013-இலும் அமெரிக்காவில் 2019-இலும் ஏற்கப்பட்டது.

முடிவுரை

நம் கல்லூரியில் பலர் என்னைப் போலவே குடும்பத்தின் முதல் தலைமுறையாகப் பட்டம் பெற வந்தவர்கள். "படிச்ச பிள்ளை சொல்லுது" என்று வீட்டார் நம் சொல்லை அப்படியே நம்புவர். ஆதலின் அரைகுறைச் செய்தியை அவர்களிடம் கொண்டு செல்லலாகாது. முதியவர் கை நடுங்கினாலோ, நடை தளர்ந்து உடல் விறைத்தாலோ, "வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். காப்பியை அளவோடு சுவைப்போம். அதை மருந்தென்று எண்ணி மருத்துவத்தைக் கைவிடாதிருப்போம்.