வீட்டைச் சுற்றி ஒரு நெடும்பயணம்

பயணம் என்றதும் தொலைவே நம் நினைவுக்கு வருகிறது. கடல் கடந்து சென்றவரைப் பயணி என்கிறோம். மலை கடந்து சென்றவரை வியந்து போற்றுகிறோம். தன் வீட்டு வாயிலிலிருந்து கூப்பிடு தொலைவுக்குள்ளேயே நாள்தோறும் சுற்றி வருபவனைப் பயணி என்று எவரும் சொல்வதில்லை. ஆயினும், உலக மக்கள் பலரும் வீட்டுக்குள் அடங்கியிருக்க வேண்டிய காலம் ஒன்று வந்தது. அருகில் உள்ளதைக் காண்பதும் ஒரு பயணமே என்பதை அக்காலத்தில் பலர் கற்றுக்கொண்டனர். அப்பாடத்தை அவர்களுக்குக் கற்பித்த ஆசிரியன், இரண்டு சக்கரங்களை உடைய எளிய மிதிவண்டியே ஆகும்.

2019ஆம் ஆண்டின் இறுதியில் சீன நாட்டின் ஊகான் நகரில் வெளிப்பட்ட கொரோனா நோய், சில திங்களுக்குள் உலகெங்கும் பரவியது. 2020 மார்ச்சு 11ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் அதனைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. மூச்சின் வழியாக ஒருவரிடமிருந்து மற்றொருவரைப் பற்றும் அந்நோய்க்கு அப்போது தடுப்பூசி இல்லை. மக்கள் ஒருவரையொருவர் நெருங்காமல் இருப்பதே தற்காப்பாக இருந்தது. ஆதலின் பல நாடுகளும் ஊரடங்கை மேற்கொண்டன. ஆனால், அடக்கம் எல்லா இடத்திலும் ஒரே அளவினதாக இல்லை. இசுபெயின் நாட்டில் வளர்ந்தவர்கள் உடற்பயிற்சிக்காக வெளியே வருவதற்கு மே 2ஆம் நாள் வரை இசைவு கிடைக்கவில்லை. பிரான்சு நாட்டில், கையில் சீட்டோடு, வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், ஒரு மணி நேரம் மட்டும் உலவி வரலாம் என்ற விதி இருந்தது. நாம் இங்கே அயர்லாந்து நாட்டில் நிகழ்ந்ததைச் சற்று விரிவாகக் காண்போம்.

2020 மார்ச்சு 27ஆம் நாள் மாலை அந்நாட்டின் தலைமை அமைச்சர் லியோ வரத்கர் மக்களுக்கு ஓர் அறிவிப்புச் செய்தார். அன்று நள்ளிரவு முதல், இன்றியமையாத வேலைகளுக்கன்றி எவரும் வீட்டை விட்டு வெளியேறலாகாது. உடற்பயிற்சிக்காகச் சிறிது நேரம் வெளியே செல்லலாம். ஆனால், வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்கு அப்பால் போகலாகாது என்பது அதன் சாரம். மே 5ஆம் நாள் அவ்வெல்லை 5 கிலோமீட்டர் ஆயிற்று. சூன் 8ஆம் நாள் முதல் 20 கிலோமீட்டர் வரை, அல்லது தம் மாவட்டத்தின் எல்லைக்குள், மக்கள் உலவ முடிந்தது. கோடையில் தளர்ந்த கட்டு, நோய் மீண்டும் பெருகவே அக்டோபரில் மீண்டும் இறுகியது. 2020 டிசம்பர் இறுதி முதல் 2021 ஏப்ரல் 12ஆம் நாள் வரை, குளிர்காலம் முழுவதும், 5 கிலோமீட்டர் எல்லையே நிலவியது.

மாணவர்களே, நீங்கள் கணக்குப் பாடத்தில் வட்டத்தின் பரப்பைக் காணக் கற்றிருக்கிறீர்கள். அக்கணக்கை இங்கே பயன்படுத்திப் பாருங்கள். 2 கிலோமீட்டர் ஆரம் உடைய வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 12.5 சதுர கிலோமீட்டர். 5 கிலோமீட்டர் ஆரம் உடைய வட்டத்தின் பரப்போ ஏறத்தாழ 78.5 சதுர கிலோமீட்டர். ஆரம் இரண்டரை மடங்கே வளர்ந்தது. நிலமோ ஆறே கால் மடங்கு பெருகியது. அவ்வட்டத்தின் சுற்றளவு மட்டும் 31 கிலோமீட்டருக்கு மேற்படும். உள்ளே பின்னிக் கிடக்கும் தெருக்களையும் சந்துகளையும் வயல்வழிகளையும் சேர்த்தால், ஒருவர் நாள் முழுதும் வண்டி ஓட்டியும் எல்லையைத் தாண்டாமல் இருக்க முடியும். நடந்து செல்பவர் இவ்வளவு இடத்தையும் சுற்றி வருதல் அரிது. மிதிவண்டியோ, நடப்பதற்குச் செலவாகும் உழைப்பைக் கொண்டே மூன்று நான்கு மடங்கு தொலைவு நம்மைச் சுமந்து செல்லும். வட்டம் சிறிதாயினும் வழி நெடிதாயிற்று.

தலைநகரான டப்ளினின் வடமேற்குப் பகுதியில் வாழும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். ஊரடங்குக்கு முன் அவர் ஞாயிறுதோறும் தோழர்களோடு தெற்கே உள்ள விக்லோ மலைகளுக்கு வண்டியில் செல்பவர். தம் வீட்டைச் சூழ்ந்த தெருக்களைக் கடக்க வேண்டிய இடங்களாகக் கருதினாரேயன்றிக் காண வேண்டிய இடங்களாகக் கருதியவர் அல்லர். இப்போது மலைகள் எல்லைக்கு அப்பால் போய்விட்டன. தோழர்களோடு கூடிச் செல்லுதலும் நின்றது. அவர் நிலப்படம் ஒன்றை விரித்து, வீட்டின் மேல் கவராயத்தின் முள்ளை ஊன்றி, ஒரு வட்டம் வரைகிறார். அதனுள் என்ன இருக்கிறது?

முதலில், பீனிக்சுப் பூங்கா இருக்கிறது. 707 எக்டேர் பரப்புடைய அப்பூங்கா, 17ஆம் நூற்றாண்டில் மான் வேட்டைக்காக வளைத்துக் கட்டப்பட்டது. அதனைச் சூழ்ந்துள்ள கல்மதில் 11 கிலோமீட்டர் நீளமுடையது. அன்று கொண்டுவந்து விடப்பட்ட மான்களின் வழிவந்தவை சில நூறு இன்றும் அங்கே மேய்கின்றன. மோட்டார் வண்டிகள் குறைந்தபின் அவ்விடத்தின் ஓசையே மாறிவிட்டது. முன்பு இயந்திரங்களின் இரைச்சலில் மூழ்கியிருந்த பறவைகளின் குரல் இப்போது தெளிவாகக் கேட்டது. அவ்வாண்டின் இளவேனில் வழக்கத்திற்கு மாறாக மழை குன்றி, வெயில் நிறைந்து விளங்கியது. மே திங்களில் வேலிகள்தோறும் வெண்ணிற முட்செடிப் பூக்கள் பனி படர்ந்தாற்போல் மலர்ந்தன. இவை ஆண்டுதோறும் நிகழ்வனவே. ஆனால், நின்று காண்பவர் அவ்வாண்டில்தான் பெருகினர்.

பூங்காவின் வடக்கே இராயல் கால்வாய் ஓடுகிறது. 1790இல் தோண்டத் தொடங்கி, 1817இல் சானன் ஆற்றைத் தொட்ட நீர்வழி அது. முற்காலத்தில் குதிரைகள் கரைமீது நடந்து படகுகளை இழுத்துச் சென்றன. குதிரைகளின் அந்த நடைவழியே இப்போது மிதிவண்டிகளின் வழி ஆயிற்று. அவ்வழியே கிழக்கு நோக்கிச் சென்றால் புரூம் பாலம் என்னும் சிறு கற்பாலம் எதிர்ப்படும். 1843 அக்டோபர் 16ஆம் நாள், அருகில் உள்ள டன்சிங்கு வானாய்வு நிலையத்திலிருந்து வில்லியம் ரோவன் ஆமில்டன் என்னும் கணித அறிஞர் தம் மனைவியோடு அக்கரைமீது நடந்து வந்தார். பல ஆண்டுகளாக அவரை வருத்தி வந்த கணக்கு ஒன்றின் விடை அந்நடையில் திடீரென்று மனத்தில் தோன்றியது. மறந்துவிடுவோமோ என அஞ்சி, கையிலிருந்த கத்தியால் பாலத்தின் கல்லிலேயே அதனைக் கீறி வைத்தார். நான்கு கூறுகளை உடைய புதுவகை எண்கள் அன்று பிறந்தன. விண்கலங்கள் எத்திசை நோக்கித் திரும்பியுள்ளன என்று கணிப்பதற்கு இன்றும் அவை பயன்படுகின்றன. 1958இல் அப்பாலத்தில் ஒரு நினைவுக்கல் பதிக்கப்பட்டது. நாம் எண்ணிக்கொண்ட அந்த மனிதர் அப்பாலத்தின் மேல் எத்தனையோ முறை கடந்து சென்றிருப்பார். கீழே இறங்கிக் கல்லைப் படித்ததோ, வேறெங்கும் போக இயலாத நாளில்தான்!

எனினும், எல்லைக்குள் சுற்றுவது எளிய செயல் அன்று. குளிர்காலத்தில் அங்கே பகல் குறுகும்; மழைத்தூறல் ஓயாது. ஒரே சாலையை ஐந்து முறையும் பத்து முறையும் சுற்ற நேரிடும்போது மனம் சலிப்படையும். அதற்கும் வழி கண்டனர். நேற்று வலமாகச் சுற்றியவர் இன்று இடமாகச் சுற்றினார். அவ்வாறு சுற்றும்போது ஏற்றங்கள் இறக்கங்களாயின. பழைய சாலை புதிய சாலையாகத் தோன்றியது. காற்றும் ஒரு துணையாயிற்று. நேர்வழியில் செல்பவனைக் காற்று வழி முழுவதும் எதிர்த்தல் கூடும். வட்டத்தில் செல்பவனுக்கோ அது பாதி வழி பகைவன், பாதி வழி நண்பன். ஒரே குன்றின்மீது பலமுறை ஏறி இறங்கி, ஏறிய உயரங்களின் கூட்டுத்தொகையை எவரெசுட்டுச் சிகரத்தின் உயரத்திற்கு இணையாக்கும் கடும் முயற்சியும் அக்காலத்தில் பல நாடுகளில் பரவியது. இமயத்திற்குப் போக இயலாதவர் தம் ஊர்க் குன்றையே இமயம் ஆக்கிக்கொண்டனர் எனலாம்.

இங்கே ஒரு வினா எழுகிறது. ஊருக்கு வெளியே, ஆளற்ற சாலையில், தனியே செல்லும் ஒருவர் எல்லையைச் சற்றே தாண்டினால் யாருக்கு என்ன தீங்கு? காவலர்கள் சில சாலைகளில் நின்று வினவினர் என்பது உண்மைதான். ஆனால், எல்லாச் சந்துகளிலும் காவலர் நிற்க இயலுமா? ஐந்தாவது கிலோமீட்டர் முடியும் இடத்தில் மண்ணில் கோடு எதுவும் வரையப்படவில்லை. அக்கோடு ஓட்டுபவரின் உள்ளத்தில் மட்டுமே இருந்தது. அப்பால் ஒரு பசுங்குன்று அழைக்கிறது; காண்பவர் ஒருவரும் இல்லை. அவ்விடத்தில் வண்டியைத் திருப்புவதற்கே வலிமை வேண்டும். குன்றின்மீது ஏறுவதற்கு வேண்டிய வலிமையினும் அது பெரிது.

ஏன் திருப்ப வேண்டும்? ஒருவர் போனால் தீங்கு இல்லை என்பது மெய்யாக இருக்கலாம். ஆனால், அவ்வாறு எண்ணுபவர் ஒருவர் அல்லர், இலட்சக்கணக்கானோர். அனைவரும் அக்குன்றை நாடினால் அங்கே கூட்டம் சேரும். நோய் ஊர் விட்டு ஊர் தாவும். தொலைவில் விழுந்து எலும்பு முறிந்தால், நோயாளிகளால் நிறைந்து வழியும் மருத்துவமனையில் ஒரு படுக்கையும் ஒரு மருத்துவரின் நேரமும் அவருக்காகச் செலவாகும். மேலும், முதல் ஊரடங்கில் 70 வயதைக் கடந்த முதியோர் வீட்டை விட்டே வெளியேறலாகாது என்று கேட்டுக்கொள்ளப்பட்டனர். அந்நாட்டு மக்கள் இதனைப் புழு தன் கூட்டுக்குள் இருப்பதோடு ஒப்பிட்டுப் பேசினர். 5 கிலோமீட்டர் வட்டம் சிறிது என்று வருந்தியவர், சாளரத்தின் பின்னால் அமர்ந்து தெருவை நோக்கியிருந்த முதியோரை எண்ணிப் பார்த்தல் தகும். அவர்களுடைய வட்டம் நான்கு சுவர்கள். அஞ்சல்காரர்கள் முதியோரின் வீட்டு வாயில்களில் நின்று நலம் வினவிச் சென்றனர். இளையவர் வெளியே தம் எல்லையைக் காத்தது, உள்ளே இருந்த முதியவரைக் காத்ததாகும்.

இதே நாட்டில் பிறந்த ஓர் அம்மையாரின் வாழ்வு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அயர்லாந்தின் தென்பகுதியில் உள்ள இலிசுமோர் என்னும் சிற்றூரில் 1931இல் பிறந்தவர் டெர்வ்லா மர்ஃபி. பத்தாம் பிறந்தநாளில் பழைய மிதிவண்டி ஒன்றும், உலகப் படநூல் ஒன்றும் அவருக்குப் பரிசாகக் கிடைத்தன. சில நாட்களுக்குப் பின், ஊரருகே ஒரு மேட்டில் வண்டியை மிதித்து ஏறியபோது, இவ்வாறே மிதித்துக்கொண்டிருந்தால் ஒருநாள் இந்தியாவை அடையலாம் என்று அச்சிறுமி முடிவு செய்தாள். ஆனால், நோயுற்ற தாயைப் பேணுவதற்காகப் பதினான்காம் வயதில் பள்ளியை விட நேர்ந்தது. இடையிடையே மேற்கொண்ட சில குறுகிய பயணங்கள் நீங்கலாக, அவர் தம் இளமையை வீட்டிலேயே கழித்தார். தாய் மறைந்த பின்னர், 1963 சனவரியில் கடுங்குளிரில் புறப்பட்டு, அவ்வாண்டிலேயே டில்லியை அடைந்தார். பனியும் பாலையும் மலையும் கடந்த அப்பயணத்திற்கு வேண்டிய கால்வலிமையையும் மனவலிமையையும் அவர் தேடிக்கொண்டது எங்கே? தம் ஊரைச் சூழ்ந்த சாலைகளில் அன்றோ!

ஊரடங்கின் மற்றொரு முகத்தையும் நாம் மறத்தலாகாது. 2020 மார்ச்சு 25ஆம் நாள் நம் நாட்டிலும் ஊரடங்கு தொடங்கியது. பேருந்தும் புகைவண்டியும் நின்றன. நகரங்களில் வேலை இழந்த தொழிலாளர்கள் சொந்த ஊருக்கு நடந்தே செல்லலாயினர். அவ்வாண்டு மே திங்களில், டில்லியை அடுத்த குருகிராமில் காலில் அடிபட்டு வருமானமின்றி இருந்த தந்தையை, 15 வயதுச் சிறுமி ஒருத்தி பழைய மிதிவண்டியின் பின்னே அமர்த்திக்கொண்டு, பீகாரில் உள்ள தம் ஊரை நோக்கிப் புறப்பட்டாள். அவ்வூர் ஏறத்தாழ 1200 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. வீட்டருகே சுற்றி மகிழ்வதற்கு, முதலில் வீடு அருகில் இருத்தல் வேண்டும்! வீட்டுக்கு அருகில் இருப்பதே ஒரு செல்வம் என்பதை அச்சிறுமியின் பயணம் நமக்கு உணர்த்துகின்றது.

மாணவர்களே! ஊரடங்கு கழிந்துவிட்டது, வட்டங்கள் அழிந்துவிட்டன. எனினும், அக்காலம் தந்த பாடம் அழியத்தக்கது அன்று. உங்கள் ஊரின் நிலப்படத்தை எடுத்து, உங்கள் வீட்டை நடுவாக வைத்து, 5 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரையுங்கள். அதனுள் உள்ள ஏரி எது, அதற்கு நீர் எவ்வழியே வருகிறது, பழைய கோயிலின் கல்வெட்டு எதைச் சொல்கிறது, இந்தச் சாலைக்கு இப்பெயர் எப்படி வந்தது என்று வினவுங்கள். விடுமுறை நாளில், பெற்றோரின் இசைவோடு, சாலை விதிகளைப் பேணி, மிதிவண்டியில் சென்று அவற்றைக் காணுங்கள். உலகைச் சுற்ற விரும்புவோர் முதலில் தம் ஊரைச் சுற்றி வருதல் நன்று. தொலைவு கால்களுக்கு உரியது; காட்சி கண்களுக்கு உரியது. கண் திறந்திருப்பின், சிறு வட்டமும் பேருலகமே ஆகும்.