வௌவாலின் கொழுப்புக் கணக்கு

வட அமெரிக்காவின் சிறு பழுப்பு வௌவாலுக்கு எடை சுமார் 7 கிராம். பனிக்காலத்தில் பூச்சிகள் கிடைக்கா. ஆகவே முன்கூட்டியே ஏறத்தாழ 2 கிராம் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு குகையில் தொங்கி உறங்கிவிடும். உடல் வெப்பநிலையும் குகையினுடையதற்கு, அதாவது 5 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். இந்த உறக்கத்துக்கு ஆகும் செலவு சொற்பம்.

ஆனால் இரண்டு மூன்று வாரத்துக்கொருமுறை அது விழிக்கிறது. உடலை 37 டிகிரிக்குச் சூடேற்ற எவ்வளவு வெப்பம் தேவை? தன்வெப்பம் 0.8 என்று கொள்வோம். 7 × 0.8 × 32 = சுமார் 180 கலோரி. (மருத்துவர் சொல்லும் கலோரி இதைப்போல் ஆயிரம் மடங்கு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஒரு கிராம் கொழுப்பு 9,000 கலோரி தரும். அப்படியானால் 0.02 கிராம் போதுமே என்பீர்கள். போதாது! விழித்திருக்கும் நேரமெல்லாம் அச்சிற்றுடல் குளிர்காற்றுக்கு வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். அளந்து பார்த்ததில், ஒரு விழிப்புக்குச் சுமார் 0.1 கிராம் செலவாகிறது. மொத்தக் கையிருப்பே இருபது விழிப்புக்குத்தான்.

2006 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலக் குகையொன்றில், மூக்கில் வெண்பூஞ்சை படிந்த வௌவால்கள் புகைப்படத்தில் பதிவாயின. இப்பூஞ்சை குளிரில் வளர்வது. 20 டிகிரிக்கு மேல் வளராது. உறங்கும் வௌவாலின் குளிர்ந்த உடல் இதற்கு நல்ல விளைநிலம். சிறகுத்தோலை இது அரிக்க அரிக்க, வௌவால் அடிக்கடி விழிக்கிறது. வசந்தம் வருமுன்பே கொழுப்பு தீர்ந்துவிடுகிறது. பசியால் பகலிலேயே வெளியே பறந்து, பனியில் விழுந்து மடிகின்றன. 2012 ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இறந்தவை 55 லட்சத்துக்கும் மேல்.

கோடைவரை தாக்குப்பிடித்த வௌவாலின் சூடான உடலில் பூஞ்சை வளர முடியாது, புண் ஆறிவிடும். ஆனால் குகைச் சுவரிலோ அது ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். அடுத்த பனிக்காலத்தில் வௌவால் திரும்புவதும் அங்கேதான்.