உலகக் கூட்டத்தில் நம் பிள்ளைகள்

சந்திரகிரி வழியாகச் சுவர்ணமுகி ஆறு போகிறது. ஆறு என்று பெயர். வருடத்தில் பல மாதம் அதில் மணல்தான் இருக்கும். ஆடு மாடுகள் அதில் இறங்கி நடந்து போகும்.

2021 நவம்பர் 18, 19 தேதிகளில் அது வேறு ஆறாக இருந்தது. கரை தெரியாமல் தண்ணீர் ஓடியது. திருப்பதித் தெருக்களில் வெள்ளம் புகுந்தது. திருமலை மலைப்பாதையில் மண் சரிந்தது. இராமச்சந்திராபுரம் பக்கம் ராயலசெருவு என்ற பெரிய ஏரி இருக்கிறது. விஜயநகர அரசர் காலத்து ஏரி அது. அதன் கரையில் கசிவு கண்டது. கீழே இருந்த ஊர்க்காரர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனார்கள். மணல் மூட்டைகள் போட்டுக் கரையைக் காப்பாற்றினார்கள்.

அந்த வெள்ளத்துக்கு ஐந்து நாள் முன்புதான், நவம்பர் 13ஆம் தேதி, வெகு தூரத்தில் ஒரு கூட்டம் முடிந்திருந்தது. இடம், ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரம். கிட்டத்தட்ட 200 நாடுகள் அதில் கலந்துகொண்டன. பூமி சூடாவதைப் பற்றித்தான் அங்கே பேச்சு.

அந்தக் கூட்டத்துக்கும் நம் ஊர் வெள்ளத்துக்கும் என்ன உறவு?

காற்று சூடாக இருந்தால் அதிக ஈரத்தைத் தாங்கும். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் சுமார் 7 விழுக்காடு ஈரம் கூடும். தாங்கிய ஈரம் ஒரு நாள் கொட்டும். ஒரு வெள்ளத்தைக் காட்டி, ‘இது பூமி சூடானதால்தான் வந்தது’ என்று உடனே சொல்லிவிட முடியாது. அந்தக் காலத்திலும் வெள்ளம் வந்தது. ஆனால் கொட்டும் மழை இன்னும் பலமாகக் கொட்டும் என்பதை விஞ்ஞானிகள் உறுதியாகச் சொல்கிறார்கள். நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிந்து வரும் புகையே பூமி சூடாவதற்கு முக்கியக் காரணம். அந்தப் புகையை யார் குறைப்பது, எவ்வளவு குறைப்பது, நஷ்டப்பட்டவருக்கு யார் பணம் தருவது? இதற்குத்தான் கூட்டம்.

1992இல் பிரேசில் நாட்டின் ரியோ நகரில் நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்தன. அதன்படி முதல் கூட்டம் 1995இல் ஜெர்மனியின் பெர்லின் நகரில் நடந்தது. அதிலிருந்து ஏறக்குறைய ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. கொரோனா வந்த 2020இல் மட்டும் நடக்கவில்லை.

ஒரு சொல் என்ன செய்யும்?

எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் கைநாட்டு வைத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பத்திரத்தில் ‘அடகு’ என்று இருக்கிறதா, ‘கிரயம்’ என்று இருக்கிறதா? ஒரே சொல்தான் வேறு. அந்த ஒரு சொல்லில் நிலம் போய்விடும்.

உலகக் கூட்டமும் இப்படித்தான். அங்கே ஓட்டுப் போட்டு முடிவு செய்வதில்லை. எல்லா நாடுகளும் ஒத்துக்கொள்ளும்வரை பேசுகிறார்கள். எழுதிய தாளில் சில சொற்களுக்கு ஒப்புதல் கிடைக்காது. அவற்றைச் சதுர அடைப்புக்குள் போட்டு வைப்பார்கள். ஒப்புதல் கிடைத்ததும் அடைப்பை எடுப்பார்கள். இரவு முழுவதும் ஒரே அடைப்புக்காகச் சண்டை நடக்கும்.

2015 டிசம்பர் 12ஆம் தேதி பாரிஸ் நகரில் அப்படி ஒரு சண்டை. பணக்கார நாடுகள் புகையைக் குறைப்பது பற்றிய வரி அது. அதில் ‘கட்டாயம் செய்ய வேண்டும்’ என்ற பொருளில் ஒரு சொல் இருந்தது. அமெரிக்கா அதை ஏற்கவில்லை. கடைசி நேரத்தில் ‘செய்வது தகும்’ என்ற பொருளில் வேறு சொல் போட்டார்கள். பிறகே ஒப்பந்தம் நிறைவேறியது.

கிளாஸ்கோவிலும் இதே கதைதான். நிலக்கரி மின்சாரத்தைப் படிப்படியாக ‘ஒழிப்பது’ என்று தாளில் இருந்தது. கடைசி நாளில் அது ‘குறைப்பது’ என்று மாறியது. மாற்றச் சொன்னது நம் இந்தியா. ஏழை நாடுகள் இன்னும் வளர வேண்டும், வறுமையை ஒழிக்க வேண்டும் என்பது இந்தியாவின் வாதம். இதில் நியாயம் உண்டு. நூறு வருடத்துக்கு மேலாக அதிகம் எரித்தவை பணக்கார நாடுகள். ஆனால் கடலோரச் சின்னத் தீவுக்காரர்கள் அன்று மனம் நொந்து பேசினார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. இரண்டு நியாயம் மோதும் இடம் அது. ஆயத்தம் இல்லாமல் அங்கே போகிறவர் திகைத்து நிற்பார்.

இஸ்திரி வண்டியும் ஒரு பெண்ணும்

அதே கிளாஸ்கோ கூட்டத்தில் நவம்பர் 2ஆம் தேதி ஒரு பள்ளி மாணவி நாட்டுத் தலைவர்கள் முன்னால் பேசினார். பெயர் வினிஷா உமாசங்கர். ஊர் திருவண்ணாமலை. நமக்குப் பக்கத்து ஊர்தான்.

தெருவில் இஸ்திரி போடுகிறவர் கரியை எரிப்பதையும், எரிந்த கரியைக் கொட்டுவதையும் அவர் பார்த்தார். சூரிய ஒளியில் வேலை செய்யும் இஸ்திரி வண்டி ஒன்றை வடிவமைத்தார். அதற்காக 2020இல் சுவீடன் நாட்டில் சிறுவருக்கான பருவநிலைப் பரிசு கிடைத்தது. கிளாஸ்கோ மேடையில், வெறும் வாக்குறுதிகளால் தம் வயதினர் கோபமாக இருக்கிறார்கள் என்று சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள்.

கைதட்டல் நல்லதுதான். ஆனால் பேசி முடித்த பிறகு, அடைப்புக்குள் இருக்கும் சொல்லை மாற்ற அடுத்த அறையில் உட்கார வேண்டுமே. அது வேறு வேலை.

அதற்குப் பயிற்சி உண்டா?

உண்டு. உலகக் கூட்டத்தில் இளைஞர்களுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. 2011 முதல் அதற்கு முழு அங்கீகாரம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்பு இளைஞர் மாநாடு நடக்கிறது. 2005இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் அது தொடங்கியது. நம் நாட்டில் 2008இல் இந்திய இளைஞர் பருவநிலை வலையமைப்பு என்ற அமைப்பு உருவானது. ஒடிசாவின் கரியா பழங்குடிப் பெண் அர்ச்சனா சோரெங், 2020இல் ஐ.நா. பொதுச்செயலாளரின் இளைஞர் ஆலோசனைக் குழுவில் சேர்க்கப்பட்டார். அந்தக் குழுவில் மொத்தம் ஏழே பேர். காட்டைப் பற்றித் தம் மக்களுக்குத் தெரிந்ததை எழுதி வைப்பது அவர் வேலை.

பயிற்சியில் முக்கியமானது நாடகம் போன்ற ஒன்று. ஒருவர் இந்தியா. ஒருவர் அமெரிக்கா. ஒருவர் சவூதி அரேபியா. ஒருவர் சின்னத் தீவு. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு பத்தியை வைத்துக்கொண்டு பேரம் பேசுவார்கள். தனக்குப் பிடிக்காத நாட்டுக்காகவும் வாதாட வேண்டும். அப்போதுதான் எதிராளி ஏன் அப்படிச் சொல்கிறார் என்று புரியும். பார்வையாளராகப் போகும் இளைஞருக்குப் பேச இரண்டு நிமிடம் போலத்தான் கிடைக்கும். ஆகவே சுருக்கிப் பேசவும் பழக வேண்டும். சொந்த ஊர்க் கணக்கு கையில் இல்லாமல் சுருக்கிப் பேச முடியாது.

பயிற்சி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு கதை. பசிபிக் கடலில் வனுவாட்டு என்ற சின்னத் தீவு நாடு இருக்கிறது. 2019இல் அங்கே சட்டம் படித்த 27 மாணவர்கள் ஒரு கேள்வி எழுப்பினார்கள். ‘பூமியைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமையா? இதை உலக நீதிமன்றத்தில் கேட்கலாமா?’ பல நாட்டு அரசுகளுக்குக் கடிதம் எழுதினார்கள். வனுவாட்டு அரசு அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது. 2023 மார்ச் மாதம் ஐ.நா. பொதுச்சபையில் எதிர்ப்பே இல்லாமல் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜூலை 23ஆம் தேதி நீதிமன்றம் தன் கருத்தைச் சொன்னது. ஆம், அது சட்டக் கடமைதான். வகுப்பறையில் பிறந்த கேள்விக்குப் பதில் வர ஆறு வருடம் ஆனது.

நம் வீட்டில்

ஒரு கற்போர் மையத்தில் ஒரு பாட்டி இப்படிக் கேட்கலாம்: “ஏம்மா, என் பேத்தி பன்னிரண்டாவது படிக்கிறா. அவளுக்கு இங்கிலீஷே சரியா வராது. அவ எங்க அங்கெல்லாம் போறது?”

மையத்துப் பெண் சொல்லலாம்: “பாட்டி, இங்கிலீஷை அப்புறம் கத்துக்கலாம். வெள்ளத்தன்னைக்கு உங்க தெருவுல தண்ணி எவ்வளவு உயரம் வந்துச்சு? அதை யாராச்சும் எழுதி வச்சீங்களா?”

“சுவத்துல கறை இருந்துச்சும்மா. வெள்ளை அடிச்சுட்டோம்.”

இந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் தோற்கிறார்கள். பெரிய நாடுகள் கட்டுக்கட்டாகக் கணக்கோடு வருகின்றன. நம் கணக்கு வெள்ளை அடித்த சுவருக்குள் போய்விடுகிறது.

மழைக் கணக்கு மண்டல அலுவலகத்தில் இருக்கும். பாகாலா போகும் வழியில் காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே பெரிய ராடார் வைத்து வானத்தை ஆராய்கிறார்கள். ஆனால் எந்தக் கிணறு எந்த வருடம் வற்றியது, வேர்க்கடலை எந்த வருடம் காய்ந்தது, எந்த வருடம் அழுகியது என்பதெல்லாம் அம்மாவுக்கும் பாட்டிக்கும்தான் தெரியும்.

எழுதிப் பாருங்கள்

உங்கள் ஊர் ஏரியின் பெயர் என்ன? கடைசியாக எந்த வருடம் நிரம்பியது?

2021 வெள்ளத்தில் உங்கள் வீட்டில் என்ன போனது? ஒவ்வொன்றாக எழுதுங்கள். பக்கத்தில் விலையையும் எழுதுங்கள்.

‘குளம் தூர்வாரப்படும்’, ‘குளம் தூர்வாரப்படலாம்’. இரண்டில் எந்தத் தாளில் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள்? ஏன்?