வெந்நீருக்கு என்ன விலை? – கீசர் மாற்றும் செலவில் சில அறிவியல் பாடங்கள்

வெள்ளிமலையில் மார்கழியும் தையும் வந்துவிட்டால் காலையில் வெந்நீர் தேவைப்படும். விறகடுப்பில் அண்டா வைக்கும் வீடுகள் இன்றும் உண்டு. வாளியில் ஹீட்டர் ராடு போடும் வீடுகளும், சுவரில் கீசர் மாட்டிய வீடுகளும் இப்போது கூடி வருகின்றன. எங்கள் வீட்டுக் கீசரின் தொட்டி துருப்பிடித்து ஒழுகத் தொடங்கியது. அதை மாற்ற ஆகும் செலவையே எட்டாம் வகுப்பின் ‘வெப்பம்’, பத்தாம் வகுப்பின் ‘வெப்ப இயற்பியல்’, ‘மின்னோட்டவியல்’ பாடங்களோடு இணைத்து நடத்தினேன். மற்ற ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே பகிர்கிறேன்.

“புதுக் கீசர் போட எவ்வளவு ஆகும்?” என்று கேட்டதும் மாணவர்கள் கடை விலையைச் சொன்னார்கள். 15 லிட்டர் கீசர் ஆறாயிரம் முதல் பத்தாயிரம் ரூபாய் வரை விற்கிறது. கரும்பலகையில் மூன்று பத்திகள் வரைந்தேன்: கடையில் கொடுப்பது, வீட்டில் கொடுப்பது, மின்கட்டணமாகக் கொடுப்பது. முதல் பத்தி உடனே நிரம்பியது. மற்ற இரண்டையும் நிரப்ப நான்கு வகுப்புகள் ஆயின.

எவ்வளவு வெப்பம் வேண்டும்?

ஒரு காலையில் தொட்டித் தண்ணீரை வெப்பநிலைமானியால் அளந்தோம். 18 டிகிரி செல்சியஸ் இருந்தது. கீசர் அதை 58 டிகிரிக்குச் சூடாக்குவதாக வைத்துக்கொண்டோம். ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4200 ஜூல் வேண்டும். எனவே 15 × 4200 × 40 = 25,20,000 ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 36,00,000 ஜூல் என்பதால், ஒரு தொட்டிக்கு 0.7 யூனிட் செலவாகும். 2 கிலோவாட் கீசர் இதற்கு 21 நிமிடம் எடுத்துக்கொள்ளும்.

58 டிகிரி நீரில் யாரும் குளிக்க முடியாது. அதே அளவு பச்சைத் தண்ணீரைக் கலந்தால் 38 டிகிரியில் 30 லிட்டர் கிடைக்கும். அதாவது இரண்டு வாளி. நான்கு பேர் உள்ள வீட்டில் தலைக்கு ஒரு வாளி என்றால் இரண்டு முறை சூடாக்கினால் போதும். 25 லிட்டர் கீசர் வாங்கத்தான் வேண்டுமா என்பதை மாணவர்களே முடிவு செய்தார்கள்.

அடுத்து, கள்ளக்குறிச்சியில் உள்ள உறவினர் வீட்டுக்குக் கணக்கிடச் சொன்னேன். அங்கே தண்ணீர் 26 டிகிரியில் இருந்தால் ஒரு தொட்டிக்கு 0.56 யூனிட் போதும். ஒரே கீசருக்கு மலைமேல் செலவு ஏன் கூடுகிறது என்பது இதில் விளங்கியது.

தொட்டி இல்லாமல் உடனுக்குடன் சூடாக்கும் 3 கிலோவாட் கருவியின் விலை குறைவுதான். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடினால் அது நீரின் வெப்பநிலையை 21 டிகிரி உயர்த்தும். 3 லிட்டர் ஓடினால் 14 டிகிரிதான். நம் குளிருக்குக் குழாயை மெல்லத் திறந்து வைத்து, வாளி நிரம்பக் காத்திருக்க வேண்டும்.

பெட்டிக்குள் வராத தேவைகள்

இரண்டாவது பத்தியே இந்தப் பாடத்தின் உயிர்.

*மின்கம்பி:* 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர். 6 ஆம்பியர் பிளக்கில் கீசரை மாட்டினால் அது சூடேறி உருகும். 16 ஆம்பியர் பிளக், பலகையிலிருந்து தனி வயர், தனி எம்.சி.பி. ஆகியவை வேண்டும். செம்பு வயர் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 3 கிலோவாட்டுக்கு 4 சதுர மில்லிமீட்டர் நல்லது. இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளுவை மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

*எர்த்:* பிளக்கின் மூன்றாவது துளையில் கம்பி இருந்தால் மட்டும் போதாது. அது மண்ணில் புதைத்த எர்த் வரை போய்ச் சேர வேண்டும். ஈரக் கையும் ஈரத் தரையும் உள்ள குளியலறையில் இதற்கு மாற்று கிடையாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கூடுதல் காவல்.

*பாதுகாப்பு வால்வு:* 15 லிட்டர் நீர் 18 டிகிரியிலிருந்து 58 டிகிரிக்குப் போகும்போது ஒரு டம்ளர் அளவு, சுமார் 200 மில்லி லிட்டர், விரியும். மூடிய தொட்டியில் அழுத்தம் ஏறாமல் காப்பது இந்த வால்வுதான். இதை அடைத்து வைக்கக் கூடாது.

*சுவர்:* நீர் நிரம்பிய கீசர் ஏறத்தாழ 25 கிலோ எடை இருக்கும். மண்சுவர் அதைத் தாங்காது.

*தண்ணீர்:* ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரில் சூடேற்றும் கம்பியின் மேல் கால்சியம் கார்பனேட் படியும். தொட்டிக்குள் இருக்கும் மெக்னீசியம் தண்டு, இரும்புக்கு முன் தான் அரிக்கப்பட்டுத் தொட்டியைக் காக்கும். அது தீர்ந்தபின் தொட்டி துருப்பிடிக்கும். பழைய கீசரின் தண்டைக் காட்டி உலோக அரிமானப் பாடத்தை நடத்தலாம்.

*ஆள் கூலி:* கச்சிராயபாளையம் வழியாக மலையேறி வரும் எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் பயணத்திலேயே போய்விடும். “வாரண்டி காலத்தில் வெள்ளிமலைக்கு வந்து பழுது பார்ப்பீர்களா?” என்று கடையில் முதலிலேயே கேட்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் நட்சத்திரக் குறியீட்டையும் பார்த்து வாங்க வேண்டும்.

மின்கட்டணமாகக் கொடுப்பது

நாளுக்கு 1.4 யூனிட் என்றால் 60 நாளுக்கு 84 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லாமல் கிடைக்கிறது. அதில் பெரும்பகுதி வெந்நீருக்கே போய்விடும். விளக்கும் மின்விசிறியும் கட்டணப் பிரிவுக்குள் வந்துவிடும். இதைக் கேட்டதும் மாணவர்கள் தங்கள் வீட்டு ரசீதைத் தேடி எடுத்து வந்தார்கள். நாள் முழுவதும் கீசரை ஓடவிட்டால் தொட்டியின் சுவர் வழியே வெப்பம் கசிந்து செலவு இன்னும் கூடும். நட்சத்திரம் கூடக்கூட இந்தக் கசிவு குறையும்.

பத்தாம் வகுப்புக்கு ஒரு கேள்வி வைத்தேன்: மின்னழுத்தம் 180 வோல்ட்டாக இறங்கினால் என்ன ஆகும்? கீசரின் மின்தடை 26.45 ஓம். திறன் 1225 வாட்டாகக் குறைந்து, 21 நிமிட வேலைக்கு 34 நிமிடம் ஆகும். நீருக்குப் போக வேண்டிய வெப்பம் மாறுவதில்லை, நேரம்தான் நீள்கிறது. திறனுக்கும் ஆற்றலுக்கும் உள்ள வேறுபாடு இதைவிடத் தெளிவாக விளங்கி நான் கண்டதில்லை.

வீட்டுக்குப் போன பாடம்

மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியல் கொடுத்தேன். பெரியவர்களிடம் கேட்டு எழுத வேண்டும். பலகையையோ பிளக்கையோ தொடவே கூடாது என்பது முதல் விதி. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “எங்க வீட்ல எர்த்தே இல்லையாம் சார். அப்பா தீபாவளிக்குக் கீசர் வாங்குறேன்னு சொல்லியிருக்காரு” என்றாள். மறுவாரம் அவள் தந்தை பள்ளிக்கு வந்து, எந்தெந்த வேலை என்று விவரமாகக் கேட்டுப் போனார். அந்த ஆண்டு எர்த்தும் தனி வயரும் போட்டார்கள். கீசர் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது. அதுவரை விறகடுப்பு வெந்நீர்தான்.

ஹீட்டர் ராடு பற்றியும் தனியாகப் பேசினேன். எர்த் இல்லாத வீட்டில் அதைப் பயன்படுத்தக் கூடாது. எர்த் இருந்தாலும் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிய பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும். சிறு பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அதை விட்டுச் செல்லக் கூடாது.

இந்தப் பாடத்துக்கு வெப்பநிலைமானி, வாளி, மின்கட்டண ரசீது ஆகியவை போதும். தொடக்கப் பள்ளியில் வாளிக் கணக்காகவும் பாதுகாப்பு விதிகளாகவும் நடத்தலாம். கீசர் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் கூச்சப்படாதபடி, விறகு சேர்க்க ஆகும் நேரத்தையும் செலவுப் பத்தியில் எழுதச் சொல்லுங்கள். வெந்நீர் எந்த வீட்டிலும் இலவசமாகக் கிடைப்பதில்லை என்பதை எல்லாப் பிள்ளைகளும் கணக்கோடு சொல்வார்கள்.