நாள் தள்ளினால் காலம் தாழ்த்தலாகாது

விதைத்த நாளை உழவர் எவரும் மறப்பதில்லை. எத்தனையாம் நாள் முளை தெரியும், எத்தனையாம் நாள் களை எடுக்க வேண்டும் என்பன யாவும் அந்நாளைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. ஆனால், வீட்டிலுள்ள பெண்ணுக்குக் கடைசியாக மாதவிலக்கு வந்த நாள் எது என்று வினவினால், பல குடும்பங்களில் விடை கிடைப்பதில்லை. இது பெண்கள் தமக்குள் அடக்கிக்கொள்ள வேண்டிய செய்தி என்று கருதி ஆடவர் ஒதுங்கிவிடுகின்றனர். தாய் சேய் நலம் ஊர் முழுவதற்கும் உரிய பொறுப்பாதலால், இதுபற்றி ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் அறிய வேண்டியவற்றை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

சில மாதங்களுக்கு முன், சிற்றூர் ஒன்றில் கூட்டம் முடிந்த பின்னர், உழவர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்துப் பேசினார். அவருடைய கைக்குழந்தைக்கு அப்போது ஓராண்டு நிரம்பவில்லை. பால் கொடுக்கும் வரை கரு தங்காது என்று பெரியவர்கள் கூறியதை நம்பி, மனைவிக்கு விலக்கு வராததை அவர்கள் பொருட்படுத்தவில்லை. மயங்கி விழுந்த பிறகே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்றனர். அதற்குள் கருவுற்று ஐந்து மாதம் ஆகியிருந்தது; உடலில் இரத்தமும் மிகக் குறைந்திருந்தது. “முன்னரே தெரிந்திருந்தால் நடவுக்கு அனுப்பியிருக்க மாட்டேனே, ஐயா” என்று அவர் வருந்தினார். தாய்ப்பால் தரும் காப்பு, குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும் வரையில்தான். அதுவும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, விலக்கும் திரும்பாதிருந்தால்தான். அதன் பின்னர் விலக்கு வருமுன்பே கருத்தரித்தல் கூடும்.

விலக்கு பொதுவாக 21 முதல் 35 நாட்களுக்கு ஒருமுறை வரும். ஓரிரு நாள் முன்பின் ஆவது இயல்பே. ஒழுங்காக வந்துகொண்டிருந்த பெண்ணுக்கு ஒரு வாரம் தள்ளினால், முதலில் கருதவேண்டியது கருவுற்றிருத்தலே ஆகும். எனினும், நாள் தள்ளிய ஒவ்வொருத்தியும் முழுகாமல் இருக்கிறாள் என்று முடிவு செய்துவிடக் கூடாது. ஊட்டக்குறைவு, மிகுந்த கவலை, தைராய்டு கோளாறு, சினைப்பை நீர்க்கட்டி, கருத்தடை ஊசி, மாதவிடாய் முற்றும் பருவம் ஆகியவையும் காரணமாகலாம்.

ஐயம் தீர்க்க எளிய வழி உண்டு. துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரை அணுகினால், சிறுநீர்ப் பரிசோதனை செய்து கூறுவார். காலையில் முதலில் கழியும் சிறுநீர் இதற்கு ஏற்றது. பட்டையில் இரு கோடுகள் தெரிந்தால் கருவுற்றிருப்பதாகக் கொள்ளலாம். ஒரு கோடு மட்டும் தெரிந்து, விலக்கும் வராதிருந்தால், ஒரு வாரம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். அப்போதும் அவ்வாறே இருந்தால் மருத்துவரைக் காண்பது முறை.

இதற்கு ஏன் இத்துணை விரைவு என்று சிலர் வினவலாம். குழந்தையின் மூளைக்கும் முதுகுத் தண்டுக்கும் அடிப்படையான பகுதி, கருத்தரித்த நான்கு வாரங்களுக்குள்ளாகவே உருவாகிவிடுகிறது. அதாவது, நாள் தள்ளி இரண்டு வாரம் ஆவதற்குள் அவ்வேலை முடிந்துவிடுகிறது. அதற்குத் துணைநிற்கும் ஃபோலிக் அமில மாத்திரையைக் கரு வேண்டுவோர் முன்னதாகவே தொடங்குதல் நலம். தவறினால், அறிந்த அன்றே தொடங்க வேண்டும். “மூன்று மாதம் வெளியே சொல்லக்கூடாது” என்னும் வழக்கத்தை ஊராருக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். செவிலியரிடம் மறைத்தல் ஆகாது. ஐயமுள்ள நாட்களில் பூச்சிமருந்து கலக்கும் வேலைக்கும் தெளிக்கும் வேலைக்கும் அப்பெண்ணை அனுப்பலாகாது. காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் தாமாகவே மாத்திரை வாங்கி உண்பதும் கூடாது.

விலக்கை வரவழைக்கும் என்று சொல்லி விற்கப்படும் மாத்திரைகளும் நாட்டு மருந்துகளும் கேடு பயப்பன. அளவற்ற குருதிப்போக்கால் உயிருக்கே இடர் நேரக்கூடும். கருவைத் தொடர இயலாத நிலை இருப்பின், சட்டம் அனுமதிக்கும் வழியில், அரசு மருத்துவமனையில் தகுதி பெற்ற மருத்துவரை முற்கூட்டியே நாடுவதே பாதுகாப்பானது.

ஒன்றைச் சிறப்பாக நினைவில் நிறுத்த வேண்டும். நாள் தள்ளிய பெண்ணுக்கு அடிவயிற்றில், குறிப்பாக ஒரு பக்கத்தில், கடும் வலியோ, உதிரப்போக்கோ, தோள்வலியோ, மயக்கமோ தோன்றினால், கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கக் கூடும். அக்குழாய் வெடித்தால் வயிற்றினுள்ளே குருதி பெருகும். கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல், இரவாயினும் 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

கருவுற்றது உறுதியானதும் 12 வாரங்களுக்குள் பதிவு செய்து, ‘பிக்மி’ எண் பெற்றுக்கொள்ள வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில், தகுதியுடைய தாய்மார்க்கு ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்ந்து ரூ.18,000 மதிப்புள்ள உதவி தவணைகளாகக் கிடைக்கிறது. காலத்தில் பதிவு செய்தலே அதற்கு முதற்படி. பேறுகால நாளையும் வீட்டிலேயே கணக்கிடலாம். கடைசி விலக்கின் முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் போதும். ஜனவரி 10 ஆம் நாள் வந்திருந்தால், ஏறத்தாழ அக்டோபர் 17 ஆகும். விலக்கு 28 நாட்களுக்கு ஒருமுறை வருவோர்க்கு இக்கணக்கு பொருந்தும்.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்யத்தக்கன சில உண்டு. செவிலியர் ஊருக்கு வரும் நாளை யாவரும் அறியச் செய்யலாம். துணை நிலையத்தில் பரிசோதனைப் பட்டைகள் இருப்பில் உள்ளனவா என்று கேட்டறியலாம். கிராம சபையில் இப்பொருளைப் பொதுவாக எடுத்துப் பேசலாம். ஆனால், எந்தப் பெண்ணின் பெயரையும் நிலையையும் அவையில் கூறலாகாது. அது அவள் ஒருத்திக்கே உரிய செய்தி.

உழவர் பெருமக்கள் செய்ய வேண்டியதோ மிகச் சிறிது. வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில், மனைவியின் விலக்கு நாளைச் சுழித்து வைக்க இருவரும் பழகுங்கள். அடுத்த மாதம் அந்நாள் வந்தும் விலக்கு வராது ஒரு வாரம் கடந்தால், “செவிலியரைப் பார்த்து வருவோம், வா” என்று நீங்களே அழைத்துச் செல்லுங்கள். அவ்வொரு நடை தாயையும் சேயையும் காக்கவல்லது.