மலை சரிந்தால் சரக்கு நஷ்டம் யாருக்கு?

சேர்வராயன் மலைப்பாதையில் மண் சரிந்தால் செம்மநத்தம் போன்ற ஊர்க் கடைகளுக்கு அரிசி, எண்ணெய் ஏறாது. காப்பி, மிளகு மூட்டைகள் இறங்காது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையால் சேலம் – ஏற்காடு பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. ரயில் பாதையும் விலக்கல்ல. 2021 நவம்பர் 12 அதிகாலை, கண்ணூரிலிருந்து பெங்களூர் சென்ற விரைவு ரயில், தொப்பூர் – சிவாடி இடையே பாறைகள் விழுந்ததால் தடம் புரண்டது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

இவ்வாறு சரக்கு சேதமானால் லாரி ஆபீஸ் ஈடு தரும் என்று நம் வணிகர் பலர் எண்ணுகின்றனர். ஆனால் 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, போதிய கவனத்துடன் நடந்தும் இயற்கைச் சீற்றத்தால் இழப்பு நேர்ந்தால் லாரிக்காரர் பொறுப்பல்ல. 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டமும் இவ்வாறே கூறுகிறது. ஆகவே நஷ்டம் சரக்குக்கு உரியவர் தலையில்தான் விழும்.

எனவே கவனிக்க வேண்டியவை:

1. சரக்குக்குத் தனியே வழிப்போக்குக் காப்பீடு எடுங்கள். நிலச்சரிவு அதில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். தாமதத்தால் வரும் நஷ்டம் பொதுவாக அடங்காது.

2. சேதத்தை டெலிவரி ரசீதிலேயே குறியுங்கள். லாரி ஆபீசுக்கு எழுத்து மூலமான நோட்டீஸ், புக்கிங் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் போய்ச் சேர வேண்டும்.

3. ஐப்பசிக்கு முன்பே மலைக்கடைகளில் கூடுதல் இருப்பு வையுங்கள். குப்பனூர் வழியும் மலைச்சாலையே. விசாரித்த பின்பே லோடு ஏற்றுங்கள்.

4. கடைக் குப்பையைச் சாலையோர வடிகாலில் தள்ளாதீர்கள். வடிகால் அடைத்தால் நீர் சரிவுக்குள் இறங்கி மண்ணை இளக்கும். பாதையைக் காப்பதில் நமக்கும் பங்குண்டு.